எந்த ஃபைலை அனுப்புவது, அதை யார் முடிவெடுப்பது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"படங்களை எல்லாம் வெப்பிக்கு மாற்றிவிட்டேன், ஏவிஃபும் தயார். இனி யாருக்கு எதை அனுப்புவது என்பதை சர்வரில் எழுதட்டுமா, பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் எழுதட்டுமா, இல்லை சி.டி.என்.னிடமே விட்டுவிடட்டுமா?"

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. (வெப்பி, ஏவிஃப் இரண்டும் ஜேபெக்குக்குப் பின் வந்த பட ஃபார்மட்கள். சி.டி.என். என்பது தளத்துக்கும் வாசகருக்கும் நடுவில் நின்று, ஃபைல்களின் நகலை வைத்துக்கொண்டு கொடுக்கும் சேவை.) கேட்பவர்களுக்கு எந்த ஃபார்மட் சிறியது, எது தெளிவானது என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும். மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த படியில். ஒரே படத்துக்கு மூன்று ஃபைல் கையில் இருக்கிறது, பிரவுசர் வந்து ஒரு படத்தைக் கேட்கிறது. மூன்றில் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டியது யார்?

யார் எடுத்துக் கொடுத்தாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் வராது, அதே ஃபைல்தான் போகிறது. மாறுவது வேறு: எடுத்த முடிவு எந்தக் கேஷில் (மறுபடி கொடுக்க நகலை எடுத்து வைக்கும் இடத்தில்) போய் உட்காருகிறது, அது தப்பாகிப்போனால் யாருடைய திரையில் தெரிகிறது. ஐந்து வழிகளையும் நான் அந்தப் பக்கத்தில் இருந்துதான் பார்க்கிறேன்.

## பிரவுசர் என்ன சொல்லிக் கேட்கிறது

வழிகளுக்குப் போகும் முன், குரோம் ஒரு படத்தைக் கேட்கும்போது கூடவே அனுப்பும் அக்செப்ட் ஹெடரை, அதாவது எந்த ஃபார்மட்டை எல்லாம் ஏற்பேன் என்று சொல்லும் வரியை, ஒரு தடவை நிதானமாகப் படித்துவிடலாம். தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

> அக்செப்ட்: இமேஜ்/ஏவிஃப், இமேஜ்/வெப்பி, இமேஜ்/ஏபிஎன்ஜி, இமேஜ்/எஸ்விஜி+எக்ஸ்எம்எல், இமேஜ்/\*, \*/\*;க்யூ=0.8

க்யூ என்பது விருப்பத்தின் அளவு, 0 முதல் 1 வரை. எழுதாமல் விட்டால் 1 என்று பொருள். ஆக ஏவிஃபுக்கு 1, வெப்பிக்கு 1. ஜேபெக் எங்கே? அது 'இமேஜ்/\*' என்ற நட்சத்திரத்துக்குள் அடங்குகிறது, அதற்கும் 1. விதிப்படி பார்த்தால் குரோம் சொல்வது "ஏவிஃப் கொடுத்தாலும் சரி, ஜேபெக் கொடுத்தாலும் சரி, எனக்கு ஒன்றுதான்" என்பது. இன்னும் வேடிக்கை, அதே நட்சத்திரத்துக்குள் டிஃப் ஃபார்மட்டும் அடங்கும். டிஃப் படத்தைக் குரோமால் காட்டவே முடியாது.

எனவே இந்த ஹெடரைப் படிக்க ஒரு நடைமுறை விதி போதும். பெயர் சொல்லிக் கேட்டதை நம்பலாம். நட்சத்திரம் போட்டுக் கேட்டது வெறும் மரியாதைக்கு. இந்த ஒரு வரியை மறந்ததால் வந்த கோளாறுகள்தான் கீழே பாதிக்கு மேல்.

பழைய பிரவுசர்கள் இதைவிட மோசம். 2010 வாக்கில் சஃபாரியும் குரோமும் பக்கங்களைக் கேட்கும்போது எக்ஸ்எம்எல்லுக்கு முழு 1 கொடுத்து, ஹெச்டிஎம்எல்லுக்கு 0.9 தான் கொடுத்தன. சொன்னபடி கேட்ட அப்பாவி சர்வர்கள், பக்கம் பார்க்க வந்தவருக்கு எக்ஸ்எம்எல்லை அப்படியே கொட்டிக் கொடுத்தன. இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ, கணினியில் வேர்டு, எக்செல் இருந்தால் அவற்றின் பெயரையும் ஹெடரில் சேர்த்து அனுப்பும். விதிமுறை என்னவோ நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1999இன் இணைய விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2616இலும் உண்டு, 2022இன் ஆர்எஃப்சி 9110இலும் உண்டு. பிரவுசர்கள் அதை முழு உண்மையாக நிரப்பியதில்லை என்பதுதான் சங்கடம்.

## எதை வைத்து எடை போடுவது

திறக்காத ஃபைல் யாருக்கும் போகக் கூடாது. இது முதல் அளவுகோல், மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான். 40 கேபி மிச்சமானதை யாரும் கவனிக்க மாட்டார்கள். உடைந்த படத்தை எல்லோரும் கவனிப்பார்கள்.

கேஷ். ஒரு முகவரிக்கு ஒரு ஃபைல் என்றால் நடுவில் உள்ள எந்தக் கேஷும் குழம்பாது. ஒரு முகவரிக்குப் பின்னால் மூன்று ஃபைல் என்றால், அது நடுவில் இருக்கும் ஒவ்வொரு கேஷுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே கை வைக்க வேண்டியிருக்கும். சிலருக்கு சர்வர் அமைப்பைத் தொட அனுமதி இல்லை. சிலருக்கு ஹெச்டிஎம்எல் கையில் இல்லை, பத்து வருடக் கட்டுரைகள் டேட்டாபேஸில் கிடக்கின்றன. பல சமயம் இதுவே கேள்வியை முடித்து வைத்துவிடும்.

எட்டாத இடங்கள். சிஎஸ்எஸ் பின்னணிப் படம், மின்னஞ்சல், செய்தி ஓடை, சாட் செயலிகளில் வரும் இணைப்பு முன்னோட்டம்.

நாளைக்கு இன்னொரு ஃபார்மட் வந்தால். ஜேபெக் எக்ஸ்எல் கதை நினைவிருக்கலாம். 2023இல் சஃபாரி 17 அதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு குரோம் 110இல் இருந்து அதன் சோதனை ஆதரவே நீக்கப்பட்டது. சேர்ப்பது மட்டுமல்ல, சேர்த்ததை எடுப்பதும் எளிதாக இருக்க வேண்டும்.

## வழி 1: தேர்வே வேண்டாம், ஒரே ஃபார்மட்

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். நான் இன்றைக்கும் பல தளங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

2010இல் கூகுள் வெப்பியை அறிவித்தது. முதல் சில ஆண்டுகள் குரோம், ஓபரா போன்ற ஒருசில பிரவுசர்களே அதைக் காட்டின. எட்ஜ் 2018இல் சேர்ந்தது, ஃபயர்ஃபாக்ஸ் 65 ஜனவரி 2019இல், சஃபாரி 14 செப்டம்பர் 2020இல். ஆக வெப்பி மட்டும் வைத்துக்கொண்டு கடையை நடத்தலாம். கேஷுக்குக் குழப்பம் இல்லை, சர்வரில் எழுத ஒன்றும் இல்லை.

மறைந்திருக்கும் செலவுகள் சில உண்டு. சஃபாரி 14 என்ற பெயரை மட்டும் நம்ப முடியாது. மேக் கணினியில் அது வெப்பியைக் காட்ட பிக் சர் இயங்குதளம் தேவை. அதற்கு முந்தைய இயங்குதளமான கேட்டலினாவில் அதே சஃபாரி 14 இருந்தாலும் படம் வராது. வெப்பியின் பக்க அளவு 16,383 பிக்ஸலைத் தாண்ட முடியாது, நீளமான இன்ஃபோகிராஃபிக் போடுகிறவர்கள் ஒருநாள் இதில் முட்டுவார்கள். தரம் குறைத்துச் சுருக்கும் முறையில் நிற விவரம் எப்போதும் கால்வாசிதான் சேமிக்கப்படும். சிவப்புப் பின்னணியில் மெல்லிய எழுத்து இருக்கும் பேனரை இப்படிச் சுருக்கிப் பாருங்கள், எழுத்தின் ஓரம் ஈரம் பட்டதுபோல் கசிந்திருக்கும்.

மின்னஞ்சலுக்கும் இணைப்பு முன்னோட்டத்துக்கும் தனியாக ஒரு ஜேபெக் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவிர்க்க வழியில்லை.

ஏவிஃப் மட்டும் வைத்தால்? குரோம் 2020இல் (பதிப்பு 85), ஃபயர்ஃபாக்ஸ் 2021இல் (93), சஃபாரி 2022இல் (16) ஏற்றுக்கொண்டன, எட்ஜ் 2024இல்தான் (121). நான் இன்னும் ஏவிஃபைத் தனியாக விடுவதில்லை.

இது பொருந்தும் இடம்: படங்கள் குறைவு, பராமரிக்க ஒருவர்தான், அவருக்கும் வேறு வேலை இருக்கிறது.

## வழி 2: பிக்சர் குறி, பிரவுசரே எடுத்துக்கொள்ளட்டும்

ஹெச்டிஎம்எல்லில் பிக்சர் குறிக்குள் மூன்று வரி. முதலில் ஏவிஃப் என்று டைப் எழுதிய சோர்ஸ், அடுத்து வெப்பி என்று டைப் எழுதிய சோர்ஸ், கடைசியில் ஜேபெக்கைக் காட்டும் வழக்கமான இமேஜ் குறி. பிரவுசர் மேலிருந்து கீழே படித்து, தனக்குத் தெரிந்த முதல் டைப்பைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடும். வரிசைதான் எல்லாம். வெப்பியை மேலே போட்டுவிட்டு ஏவிஃபைக் கீழே போட்டால், ஏவிஃப் ஒரு முறைகூட வெளியே போகாது.

இந்த வழியின் அழகு, முடிவெடுப்பது யாருக்கு நிச்சயமாகத் தெரியுமோ அவர்தான். தன்னால் எதைத் திறக்க முடியும் என்பது பிரவுசருக்குத்தான் தெரியும். மூன்று ஃபைலுக்கும் மூன்று முகவரி, அதனால் கேஷ் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. வெறும் ஃபைல்களை மட்டும் வைத்துக்கொள்ளும் மலிவான ஹோஸ்டிங்கிலும் இது ஓடும். குரோம் 38 (2014), ஃபயர்ஃபாக்ஸ் 38 (2015), சஃபாரி 9.1 (2016) முதல் ஆதரவு உண்டு. அதற்கும் முந்தைய பிரவுசர் பிக்சரையும் சோர்ஸையும் கண்டுகொள்ளாமல் உள்ளே இருக்கும் இமேஜ் குறியை எடுத்துக்கொள்ளும். பிழை வந்தாலும் ஜேபெக் பக்கமே சாயும், அதாவது பத்திரமான பக்கம்.

ஒரே ஒரு இடத்தில் அப்படிச் சாயாது, பலரும் இதில் ஏமாறுகிறார்கள். ஏவிஃப் ஃபைல் சர்வரில் இல்லை, 404 வருகிறது என்று வையுங்கள். பிரவுசர் அடுத்த சோர்ஸுக்கு இறங்கி வராது. டைப்பைப் பார்த்து முடிவெடுத்தாகிவிட்டது, அந்தப் படம் உடைந்ததாகவே நிற்கும். அதனால் ஃபைல்களை உருவாக்கும் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் பக்கத்தை வெளியிடாதபடி ஒரு சோதனை இருப்பது நல்லது.

மற்ற செலவுகள்: மூன்று ஃபார்மட், ஐந்து அகலம் என்றால் ஒரு படத்துக்குப் பதினைந்து முகவரி. இருபது படம் உள்ள பட்டியல் பக்கத்தில் ஹெச்டிஎம்எல்லே வீங்கிவிடும். இமேஜ் குறிக்கு நேர் பெற்றோர் இதுதான் என்று நம்பி எழுதிய சிஎஸ்எஸ், நடுவில் பிக்சர் வந்ததும் வேலை செய்யாது. முன்கூட்டியே இறக்கும் பிரீலோடு வரியை ஏவிஃபுக்கும் வெப்பிக்கும் சேர்த்து எழுதினால், இரண்டும் தெரிந்த பிரவுசர் இரண்டையும் இறக்கும். அங்கே ஏவிஃபுக்கு மட்டும் டைப்போடு எழுதுவதே சரி. பின்னணிப் படங்களுக்கு சிஎஸ்எஸ்ஸில் இமேஜ்-செட் இருக்கிறது, ஆனால் டைப் சொல்லும் வசதி குரோமில் 113இலும் சஃபாரியில் 17இலும்தான் வந்தது, இரண்டும் 2023.

இது பொருந்தும் இடம்: பக்கங்கள் ஒரு டெம்ப்ளேட்டில் இருந்து உருவாகின்றன, அந்த டெம்ப்ளேட் உங்கள் கையில். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கமும் மாறும் என்றால் இதைவிட நிம்மதியான வழி இல்லை.

## வழி 3: சர்வர் அக்செப்ட் ஹெடரைப் பார்த்துக் கொடுப்பது

முகவரி ஒன்றே. 'படம்.ஜேபிஜி' என்று கேட்டால், ஹெடரில் ஏவிஃப் பெயர் இருந்தால் ஏவிஃப், வெப்பி பெயர் இருந்தால் வெப்பி, இல்லாவிட்டால் ஜேபெக். என்ஜின்எக்ஸ் சர்வரில் மேப் ஒன்றும் டிரை-ஃபைல்ஸ் வரி ஒன்றும் போதும். பத்து வரியைத் தாண்டாது. பழைய கட்டுரைகளில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். மயக்குவதே இதுதான்.

அந்தப் பத்து வரியை எழுதிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கிய ஒரு வாரம் உண்டு. பிறகு ஒருவர் பழைய ஐபேடில் இருந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், பக்கம் முழுக்க நீலக் கேள்விக்குறிகள். என் மெஷினில் எல்லாப் படமும் வந்தது. சர்வர் லாகைப் பார்த்தேன், அவருடைய கோரிக்கை அதில் இல்லவே இல்லை. அரைநாள் அவருடைய இணைப்பைச் சந்தேகப்பட்டேன். கோரிக்கை ஏன் சர்வருக்கு வரவில்லை என்று யோசிக்க ஆரம்பித்ததும்தான் விஷயம் புரிந்தது. நடுவில் இருந்த சி.டி.என். பதில் சொல்லிவிட்டிருக்கிறது. காலையில் முதல் ஆளாக வந்த குரோமுக்குக் கொடுத்த வெப்பியை அது எடுத்து வைத்துக்கொண்டு, 'படம்.ஜேபிஜி' கேட்ட எல்லோருக்கும் அதையே நீட்டியிருக்கிறது. அதன் பார்வையில் தப்பே இல்லை. ஒரு முகவரி, ஒரு ஃபைல்.

'வேரி: அக்செப்ட்' என்ற ஹெடரை நான் பதிலில் சேர்க்கவில்லை. "இந்தப் பதில் அக்செப்ட் ஹெடரைப் பொறுத்து மாறும்" என்று கேஷுக்குச் சொல்வது அதுதான். சேர்த்தேன், வெப்பி பதிலில் மட்டும். இரண்டு நாள் கழித்து நிலைமை தலைகீழ், எல்லோருக்கும் ஜேபெக் போய்க்கொண்டிருந்தது. ஜேபெக் பதிலில் வேரி இல்லை என்றால், அதை எடுத்து வைத்த கேஷ் அதையே எல்லோருக்கும் கொடுக்கும். மூன்று பதிலிலும் வேரி இருக்க வேண்டும், மாறவில்லை என்று சொல்லும் 304இலும் இருக்க வேண்டும், மூன்றுக்கும் ஈடேக் (ஃபைலின் அடையாளக் குறி) வேறாக இருக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் கதை முடியாது. வேரி, ஹெடரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்கிறது. குரோமின் அக்செப்ட் வரி வேறு, ஃபயர்ஃபாக்ஸின் வரி வேறு, சஃபாரியின் வரி இன்னும் நீளம். பதிப்பு மாறினால் வரியும் மாறும். படத்தைத் தனி டேபில் திறந்தால் பக்கம் கேட்கும் வரி போகும். மூன்று ஃபைலுக்குக் கேஷில் பத்துப் பதினைந்து நகல். இதற்கு மருந்து, கேஷின் வாசலிலேயே அந்த நீள வரியை 'ஏவிஃப்', 'வெப்பி', 'மற்றவை' என்ற மூன்று சொல்லில் ஒன்றாகச் சுருக்கிவிடுவது. வார்னிஷ் என்ற கேஷ் மென்பொருளில் இதைச் செய்யலாம், சில சி.டி.என்.களிலும் முடியும். முடியாத சி.டி.என்.களும் உண்டு, சில வேரியில் அக்செப்ட்-என்கோடிங் தவிர வேறெதையும் மதிப்பதே இல்லை. உங்கள் சி.டி.என். எந்த வகை என்று தெரியாமல் இந்த வழிக்கு வராதீர்கள்.

அப்பாச்சி சர்வர் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. மல்டிவியூஸ் என்ற வசதி ஹெடரைப் பார்த்துத் தானே தேர்ந்தெடுக்கும். மற்ற எல்லாம் சமமாக இருந்தால் அளவில் சிறிய ஃபைலை எடுக்கும். இணைப்பு முன்னோட்டம் எடுக்க வரும் பாட் (தானியங்கி நிரல்) வெறும் '\*/\*' என்று கேட்கிறது, மூன்றும் அதற்குச் சமம், சிறியது ஏவிஃப், அதுவே போகும். பாட் அதைத் திறக்கத் தெரியாமல் விழிக்கும். அப்பாச்சியை எழுதியவர்களுக்கும் பிரவுசர்களின் நட்சத்திரங்களில் நம்பிக்கை இல்லை. ஹெடரில் க்யூ எங்கேயும் எழுதப்படாவிட்டால் '\*/\*'க்கு 0.01 என்று அதுவாகவே போட்டுக்கொள்ளும். வெறும் நட்சத்திரம் மட்டும் வந்தால் அதுவும் உதவாது. பெயர் இருந்தால் மட்டும் கொடு என்று நீங்களே எழுதுவது மேல்.

இன்னொரு செலவு மனிதர்களிடம் இருந்து வரும். 'ஜேபிஜி' என்று முடியும் படத்தைச் சேமித்தேன், வந்தது வெப்பி, என் மென்பொருளில் திறக்கவில்லை என்பார்கள். 2013இல் ஃபேஸ்புக் சில பயனர்களுக்கு வெப்பியை அனுப்பிப் பார்த்தபோது எழுந்த புகார் இதேதான்.

இது பொருந்தும் இடம்: ஹெச்டிஎம்எல்லைத் தொட முடியாது, ஆனால் சர்வரும் கேஷும் இரண்டுமே உங்கள் கையில். 'இரண்டுமே' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

### ஓர் இடைச்செருகல்: ஜிஜிப்பில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை இல்லை

ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஃபைல்களைச் சுருக்கி அனுப்புவதும் இதே பேச்சுவார்த்தைதான். பிரவுசர் அக்செப்ட்-என்கோடிங்கில் ஜிஜிப், புரோட்லி, இசட்-ஸ்டாண்டர்டு என்று தனக்குத் தெரிந்த சுருக்க முறைகளின் பட்டியல் கொடுக்கிறது, சர்வர் ஒன்றை எடுக்கிறது. யாரும் இதைப் பற்றிப் புலம்பிக் கேட்டதில்லை. பட்டியல் சிறியது, பிரவுசர்கள் அதில் பெயரை மட்டும் எழுதுகின்றன, நட்சத்திரம் போடுவதில்லை, கேஷ்களும் அந்த வரியைச் சுருக்கிப் படிக்க எப்போதோ பழகிவிட்டன. புரோட்லியை ஹெச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டுமே பிரவுசர்கள் கேட்கும். நடுவில் இருக்கும் பழைய கருவிகள் தெரியாத சுருக்கத்தைக் கண்டு கெடுத்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். 2024இல் குரோம் 123உம் ஃபயர்ஃபாக்ஸ் 126உம் இசட்-ஸ்டாண்டர்டைப் பட்டியலில் சேர்த்தன, யாருடைய தளமும் உடையவில்லை. ஆக வழி 3இன் கருத்தில் பழுது இல்லை, படங்களுக்கான அக்செப்ட் வரிதான் அதற்கேற்ப வளரவில்லை.

## வழி 4: சி.டி.என். தானாகப் பார்த்துக்கொள்ளட்டும்

படச் சேவை தரும் சி.டி.என்.கள் வழி 3ஐத்தான் உள்ளே செய்கின்றன. அக்செப்ட் வரியைச் சுருக்குவது, நகல்களைப் பிரித்து வைப்பது, அகலத்தை மாற்றுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் மேலே அழுத அழுகை எதுவும் உங்களுக்கு வேண்டாம். மூலப் படம் ஒன்று கொடுத்தால் போதும், நாளை புது ஃபார்மட் வந்தால் அவர்களே சேர்ப்பார்கள்.

பில்லைக் கவனியுங்கள். பல சேவைகள் மாற்றங்களை எண்ணிக் காசு வாங்குகின்றன. ஒரு படம், மூன்று ஃபார்மட், ஐந்து அகலம் என்றால் பதினைந்து மாற்றம். முகவரியில் யாரோ அகல எண்ணை 1, 2, 3 என்று மாற்றிக்கொண்டே கேட்டால் ஒவ்வொன்றும் ஒரு மாற்றம். அனுமதிக்கும் அகலங்களைப் பட்டியலிட்டு, மற்றதை மறுக்கச் சொல்லும் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

ஏவிஃப் உருவாக்கம் மெதுவானது. சில சேவைகள் முதல் கோரிக்கைக்கு வேறு ஃபார்மட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏவிஃபைத் தயார்செய்யும். அது தெரியாமல் சோதிப்பவர், ஒரு நிமிடம் ஒன்றும் மறு நிமிடம் இன்னொன்றும் வருவதைக் கண்டு தலையைப் பிய்த்துக்கொள்வார்.

தரத்தை முடிவு செய்யும் உரிமையும் கைவிட்டுப் போகிறது. ஏற்கெனவே சுருக்கிய ஜேபெக்கை மூலமாகக் கொடுத்தால் அதன் கறைகளோடு சேர்த்து மறுபடியும் சுருக்கப்படும். படத்துக்குள் இருக்கும் ஒளிப்படக் கலைஞரின் பெயரும் உரிமைக் குறிப்பும் பல சேவைகளில் இயல்பாகவே நீக்கப்பட்டுவிடும். செய்தித் தளங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், வெளியேறும் வழி. அந்தச் சேவையின் டொமைனும் அதற்கே உரிய குறியீடுகளும் உங்கள் கட்டுரைகளுக்குள் எழுதப்பட்டுவிட்டால், விலை ஏறும் நாளில் ஒவ்வொரு கட்டுரையையும் திருத்த வேண்டும். படங்களை உங்கள் டொமைனிலேயே வைத்துக்கொண்டு பின்னால் இருந்து அந்தச் சேவையை இணைத்தால் பிழைத்தீர்கள்.

இது பொருந்தும் இடம்: தினமும் நூற்றுக்கணக்கில் புதுப் படம், ஏற்றுகிறவர்கள் பலர், யாருக்கும் ஃபார்மட் பற்றி அக்கறை இல்லை.

## வழி 5: யூசர் ஏஜென்ட்டைப் பார்த்து முடிவெடுப்பது

வேண்டாம். யூசர் ஏஜென்ட் என்பது பிரவுசர் தன் பெயரையும் பதிப்பையும் சொல்லி அனுப்பும் வரி. ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். கேட்டலினாவில் சஃபாரி 14 வெப்பியைக் காட்டாது, பிக் சரில் காட்டும் என்றேன். பிக் சரில் இருந்து சஃபாரி தன் யூசர் ஏஜென்ட்டில் இயங்குதளத்தின் பதிப்பை மாற்றாமல் 10\_15\_7 என்றே சொல்லிவருகிறது. அது கேட்டலினாவின் எண். யாரால் முடியும், யாரால் முடியாது என்பது அந்த வரியில் இல்லவே இல்லை. ஐபோன் குரோமின் உள்ளே சஃபாரியின் வெப்கிட் எஞ்சின் இருப்பது, எல்லாப் பிரவுசரும் தன்னை மொசில்லா என்று சொல்லிக்கொள்வது போன்ற பழைய கூத்துகள் தனி. வேரியில் யூசர் ஏஜென்ட்டைப் போட்டால் கேஷ் ஆயிரம் துண்டாகச் சிதறும்.

ஜாவாஸ்கிரிப்டில் சோதித்துவிட்டு முகவரியை மாற்றும் பழைய வித்தையும் ஏறக்குறைய இதே ரகம். ஸ்கிரிப்ட் ஓடும் வரை படம் காத்திருக்கும்.

## ஒரே பார்வையில்

| | ஒரே ஃபார்மட் | பிக்சர் குறி | அக்செப்ட் + வேரி | சி.டி.என். | யூசர் ஏஜென்ட் |
|---|---|---|---|---|---|
| முடிவெடுப்பவர் | நீங்கள், முன்கூட்டியே | பிரவுசர் | சர்வர் | சி.டி.என். | சர்வர், ஊகத்தில் |
| ஒரு முகவரிக்கு ஃபைல் | ஒன்று | ஒன்று | பல | பல | பல |
| கேஷ் குழப்பம் | இல்லை | இல்லை | அதிகம் | அவர்கள் பொறுப்பு | மிக அதிகம் |
| பழைய கட்டுரைகள் | ஒருமுறை மாற்றம் | திருத்த வேண்டும் | தொட வேண்டாம் | முகவரியைப் பொறுத்தது | தொட வேண்டாம் |
| சிஎஸ்எஸ் பின்னணி | எட்டும் | தனியாக எழுத வேண்டும் | எட்டும் | எட்டும் | எட்டும் |
| புது ஃபார்மட் சேர்க்க | எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் | டெம்ப்ளேட்டில் ஒரு வரி | மேப்பில் ஒரு வரி | ஒன்றுமில்லை | புதிய ஊகம் |
| மறைந்த செலவு | பழைய கருவிகள் | வீங்கும் ஹெச்டிஎம்எல், 404 | விடுபட்ட வேரி | பில், வெளியேற்றம் | எல்லாம் |

## நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்

டெம்ப்ளேட் கையில் இருந்தால் பிக்சர், யோசிக்கவே மாட்டேன். டேட்டாபேஸில் கிடக்கும் பழைய கட்டுரைகள் தடை என்றால், பக்கம் உருவாகும் நேரத்தில் இமேஜ் குறியைப் பிக்சராக மாற்றும் ஒரு சிறு வடிகட்டி எழுத முடியுமா என்று பார்ப்பேன். பல சமயம் முடிகிறது. முடியாதபோது சி.டி.என். வேரியை மதிக்கிறதா என்று சோதிப்பேன். மதித்தால் வழி 3, இல்லாவிட்டால் காசு கொடுத்து வழி 4. படங்கள் மொத்தமே ஐம்பதுதான் என்றால் இவ்வளவு தூரம் வரவே மாட்டேன், வெப்பி ஒன்றோடு முடித்துக்கொள்வேன்.

வழி 3இலோ 4இலோ இருப்பவர்கள் வெளியிடும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, ஐந்து நிமிடம் ஆகாது. கட்டளைத் திரையில் கர்ல் மூலம் ஒரே படத்தை மூன்று தடவை கேளுங்கள். முதலில் ஏவிஃப் பெயர் சொல்லி, அடுத்து எந்த அக்செப்ட்டும் கொடுக்காமல் (கர்ல் தானாகவே '\*/\*' அனுப்பும்), மூன்றாவதாக மறுபடியும் ஏவிஃப் பெயர் சொல்லி. கன்டென்ட்-டைப் ஏவிஃப், ஜேபெக், ஏவிஃப் என்று வர வேண்டும். பிறகு இதுவரை யாரும் கேட்காத இன்னொரு படத்தை எடுத்து, வரிசையை மாற்றி, நட்சத்திரத்தில் தொடங்கிக் கேளுங்கள். வேரியை வெப்பி பதிலில் மட்டும் சேர்த்தபோது நான் செய்யாமல் விட்டது இந்த இரண்டாவது சுற்றைத்தான். கேட்பது சி.டி.என். முகவரியாக இருக்கட்டும். மூல சர்வரைக் கேட்டால் அது எப்போதும் சரியாகத்தான் பதில் சொல்லும்.

சோதிக்கும்போது ஏவிஃபுக்குப் பதில் 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்று வந்தால் பதற வேண்டாம், எந்த ஃபைலுக்கு எந்த டைப் என்று சொல்லும் சர்வரின் மைம் பட்டியல் பழையது. அதில் ஏவிஃபுக்கு ஒரு வரி சேர்த்து, ஏற்கெனவே தப்பாக எடுத்து வைத்ததைக் கேஷில் இருந்து துடைத்துவிட்டு, முதல் சுற்றில் இருந்து மறுபடியும் கேளுங்கள்.